ஸ்டெல்லா எடுத்த மடிப்பிச்சை

வில்லியனூரிலிருந்து தெற்கே போகும் சாலையில் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி ஸ்டெல்லா வீடு எது என்று கேட்டால், எந்த ஸ்டெல்லா என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தத் தெருவில் மூன்று ஸ்டெல்லா. ஒருத்தி டீச்சர், ஒருத்தி பால் ஊற்றுகிறவள். சட்டைக் கம்பெனியில் பதினாறு வருடமாகக் காலர் வைத்துத் தைக்கிறவள் காலர் ஸ்டெல்லா. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி.

எனக்குச் சித்தப்பா மகள் அமிர்தம். அவளை நெட்டப்பாக்கத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அவன் அப்பா வைத்த வீரப்பன் என்கிற பெயர்தான் கடைசிவரை நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஊரார் நிலத்தில் கரும்பு வெட்டினார்கள், நாற்று நட்டார்கள். அவர்களுக்கு ஒரே மகள் ஸ்டெல்லா. பத்தாவது முடித்ததும் தையல் கற்றுக்கொண்டாள். எங்கள் வகையறாவில் சேற்றில் கால் வைக்காமல் கையை மட்டும் வைத்துப் பிழைத்த முதல் பெண் அவள்தான். கட்டிக்கொண்டவன் ஜெயசீலன், பால் வண்டி ஓட்டுகிறவன். பேச்சு குறைவு, வேலை அதிகம். ஒரு மகள், ரோஸ்லின், பன்னிரண்டாவது படிக்கிறாள்.

காலர் வைப்பது எல்லோருக்கும் வராது. சட்டையில் முதலில் கண்ணில் படுவது காலர். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், துணி சுருங்கக் கூடாது, இழுபடக் கூடாது. பவர் மெஷின் பறக்கும் வேகத்துக்குக் கையால் துணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதினான்கு வருடம் ஸ்டெல்லாவுக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. சாயங்காலம் கம்பெனி வேனை விட்டு இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள், அவ்வளவுதான்.

பதினைந்தாவது வருடம் லைனுக்குப் புது சூப்பர்வைசர் வந்தாள். விஜயகுமாரி என்று பெயர், வயது இருபத்தாறு. கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர் என்று ஆள்கள் இருந்தார்கள். லைன் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் போர்டு மாட்டினாள். மணிக்கு எத்தனை சட்டை வர வேண்டும், எத்தனை வந்தது என்று மணிக்கு மணி எழுதுவாள். குறைந்தால் சிவப்பு மையில் எழுதுவாள். சட்டை எங்கே தேங்கினாலும் காலரில் தேங்கியது போலத்தான் தெரியும், ஏனென்றால் காலருக்கு முன்னால்தான் துணி குவியும். ஸ்டெல்லாவின் மெஷின் அந்தப் போர்டுக்கு நேர் எதிரே இருந்தது.

அந்த வருடம்தான் வலி வந்தது. முதலில் வலது கட்டைவிரல் அடியில் சுருக்கென்றது. பிறகு மணிக்கட்டு. பிறகு காலையில் எழுந்தால் மூன்று விரல் மரத்துக் கிடந்தது, உதறிவிட்டால்தான் உயிர் வரும். எண்ணெய் போட்டாள், கட்டு கட்டினாள், கட்டு மேலேயே தைத்தாள். தெருக்கோடியில் ஆதிலட்சுமி என்று சுளுக்கு எடுக்கிற அம்மாள் இருக்கிறாள். முதல் தடவை நீவிவிட்டாள், இரண்டு நாள் சுகம். இரண்டாவது தடவை கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

"இது சுளுக்கு இல்லடி. நரம்பு எறா மாதிரி சுருண்டுக்கினு இருக்குது. நான் இழுத்தா அறுந்துரும். ஆஸ்பத்திரிக்குப் போ."

ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. முதலில் மாதா கோயிலுக்குப் போனாள். தப்பு அங்கே ஆரம்பித்தது. மாதாமேல் தப்பில்லை, வீரப்பன் வீட்டு வழக்கத்தின் மேல்.

மற்றவர்கள் காரியம் பலித்தபிறகு வேண்டுதலைச் செலுத்துவார்கள். வீரப்பன் வீட்டில் அப்படி இல்லை. வீரப்பனின் அப்பா ஒரு சமயம், நோயில் விழுந்த வண்டிக்காளை எழுந்துவிட்டால் கோயிலுக்கு ஒரு மூட்டை நெல் என்று வேண்டிக்கொண்டார். காளை எழுந்தது. அறுப்பு முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று இவர் தள்ளிக்கொண்டே போனார். மறு வருடம் காளை செத்தது. அதிலிருந்து அந்த வீட்டில் வேண்டுதலை முன்னாலேயே செலுத்திவிட வேண்டும். செலுத்தி முடிக்கிறவரை வெளியே மூச்சு விடக் கூடாது. இது அவர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட சட்டம். எந்தப் பூசையிலும் யாரும் சொன்னதில்லை.

ஸ்டெல்லா என்ன வேண்டிக்கொண்டாள் தெரியுமா? கன்னியர் விடுதியில் இருக்கிற பெண் பிள்ளைகளுக்கு, ஆண்டவர் வாழ்ந்த வருடக் கணக்குக்கு, முப்பத்து மூன்று பாவாடை தைத்துத் தருகிறேன், ஈஸ்டர் முடிந்து வரும் தேர்த் திருவிழாவுக்குள் தருகிறேன், என் கையைச் சரியாக்கு என்று. வலிக்கிற கைக்கு, அந்தக் கையாலேயே வேண்டுதல். துணி வாங்கி முப்பத்து மூன்றையும் ஒரே நாளில் வெட்டி அடுக்கினாள். வீட்டில் கால் மெஷின் இருந்தது. வேன் விட்டு இறங்கி உலை வைத்தபிறகு கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மிச்சம். கேட்டவர்களிடம், புருஷனிடம்கூட, வெளி ஆர்டர் என்றாள்.

கை மோசமானது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருவது என்று சொல்லி, கைக்குப் பயிற்சி கொடுக்கிற பாக்யராஜிடம் அனுப்பினார். பாக்யராஜ் பாகூர்க்காரர், நடுவயது. மாத்திரை, மணிக்கட்டுப் பட்டை, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் சொன்னபிறகு ஒரு வெள்ளைத் தாளை அவள் விரலிடுக்கில் கொடுத்து, பிடித்துக்கொள் என்றார். அவள் பிடித்தாள். அவர் இழுத்தார். தாள் கிழிந்தது, கையிலிருந்து வரவில்லை.

"ஏம்மா, பிடிச்சுக்கத்தான் சொன்னேன். யாரோ புடுங்கிக்கினு போற மாதிரி இல்ல பிடிக்கிற. தோளப் பாரு, காதுகிட்ட நிக்குது. பல்லக் கடிச்சுக்கினு இருக்க."

அவளுக்கே அப்போதுதான் தெரிந்ததாம். தாடையைத் தளர்த்தினால் காதோரம் வரைக்கும் வலித்தது. பாக்யராஜ் ஒரு வேலை கொடுத்தார். சுவரில் மாட்டுகிற காலண்டரில் வலி உள்ள நாளில் புள்ளி வை, அதிகமாக இருந்தால் பெரிய புள்ளி, கம்பெனியில் அன்றைக்கு எத்தனை சட்டை முடிந்தது என்றும் எழுது. மூன்று வாரம் கழித்து அவள் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவர் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரிய புள்ளி விழுந்த நாள்களில் சட்டை அதிகம் இல்லை, குறைவு. நூல் அறுந்து, துணி வராமல், லைன் பின்தங்கிய நாள்களில்தான் கை செத்துப் போயிருந்தது. வேலையோடு பயமும் சேரும்போது கை துணியை இரண்டு பங்கு இறுக்கிப் பிடிக்கிறது, சதை விடுவதே இல்லை, அப்புறம் எப்படி ஆறும் என்று விளக்கினார். அது அவளுக்குப் புரிந்தது. அவருக்குப் புரியாதது வேறொன்று. எல்லா ஞாயிற்றுக்கிழமையிலும் பெரிய புள்ளி இருந்தது. லீவு நாளில் என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாதே. துணி துவைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு ஜெயசீலன் கூடவே வந்திருந்தான். பாக்யராஜ் அவனைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த அம்மா துணி முறுக்கிப் பிழியக் கூடாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவன் சரி என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுத் துணியெல்லாம் வாரிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விட்டான். எங்கள் தெருவில் ஆம்பிளை புடவை துவைத்து யாரும் பார்த்ததில்லை. குடத்தோடு நின்ற பெண்கள் விடுவார்களா? அண்ணே, எங்க வூட்டுத் துணியும் ஒரு மூட்டை இருக்குது, வண்டி அனுப்புறீங்களா என்று ஒருத்தி கேட்டாள். கஞ்சி போடத் தெரியுமா என்று இன்னொருத்தி. அவன் தலை நிமிராமல் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தான். வீட்டுக்குள்ளே ஸ்டெல்லா பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். தன் பொய்க்குப் புருஷன் குழாயடியில் பேச்சு வாங்குகிறான் என்று அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கும் பெரிய புள்ளி.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பாதி போயிருந்தபோது விஜயகுமாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். திருவிழா முடிந்ததும் மேலேயிருந்து கடிகாரம் பிடிக்கிறவர் வருவார், ஒவ்வொரு டெய்லருக்கும் நேரம் எடுப்பார், காலர் தாமதமானால் அந்த மெஷினில் வேறு பெண்ணை உட்கார வைப்பார்கள், அக்கா நூல் வெட்டுகிற மேசைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த மேசைக்குப் போன யாரும் மெஷினுக்குத் திரும்பி வந்ததில்லை. அதுவும் கத்திரி பிடிக்கிற வேலை, இந்தக் கைக்கு இன்னும் கெடுதல். ஆக, மெஷினில் நிலைத்தால் உண்டு, இல்லையென்றால் பதினாறு வருடத் தொழில் போயிற்று. திருவிழாவுக்குள் வேண்டுதல் முடிந்தால் கை சரியாகிவிடும் என்று இன்னும் வேகமாகத் தைத்தாள்.

ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை அமிர்தம் நெட்டப்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். தாயும் மகளும் மாதா கோயிலுக்குப் போனார்கள். குளத்துப் பக்கத்தில் மெழுகுவத்தி வாங்கி, கொளுத்தி, மாதா நிற்கிற குகை மாதிரியான கெபியின் முன்னால் வைக்கப் போகும்போது ஸ்டெல்லாவின் வலது கையிலிருந்து மெழுகுவத்தி நழுவி விழுந்தது. அவள் விடவில்லை, விரல்தான் விட்டது. கீழே குனிந்து எடுக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. அமிர்தம் எடுத்து, மறுபடி கொளுத்தி வைத்தாள். பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தபிறகுதான் கேட்டாள்.

"எத்தினி வேண்டிக்கினு இருக்க?"

"இன்னாது எத்தினி?"

"எங்கிட்ட மறைக்காதடி. உங்கப்பன் வூட்டுப் பழக்கம் எனக்குத் தெரியாதா? வூட்ல வெட்டின துணி அடுக்கி வெச்சிருக்கிறத பார்த்தேன்."

ஸ்டெல்லா சொன்னாள். முப்பத்து மூன்று, பத்தொன்பது முடிந்தது, பதினாலு மிச்சம், மூன்று வாரம்தான் இருக்கிறது. சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அமிர்தம் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மாளுடைய விரல்களும் நேராக இல்லை, கரும்பு வெட்டி வளைந்தவை.

"வேண்டினத நிறுத்தச் சொல்லல. உனக்கு ஏழு வயசுல அம்மை போட்டப்ப நான் எப்படிச் செலுத்தினேன்?"

மடிப்பிச்சை எடுத்துச் செலுத்தினாள். எனக்கும் நினைவிருக்கிறது. ஏழு தெரு, வெறுங்கால், மஞ்சள் புடவை, முந்தானையை ஏந்திக்கொண்டு வீடு வீடாக. நிலம் வைத்திருந்த வீட்டில் ஒரு படி, கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு பிடி. அந்த அரிசியைத்தான் கோயிலில் பொங்கி வைத்தாள். பிச்சை எடுத்துச் செலுத்துகிற வேண்டுதலை வாய் மூடிக்கொண்டு செலுத்த முடியாது. வாய் திறந்து கேட்டால்தான் பிச்சை. எங்கள் பக்கத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் இரண்டு பேருமே செய்கிற காரியம் அது, யாரும் குறைவாக நினைப்பதில்லை.

திங்கட்கிழமை ஸ்டெல்லா ஒரு பையில் வெட்டின பாவாடைத் துணி பதினாலையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லோரும் டிபன் பாக்ஸ் திறந்தபோது எழுந்து நின்றாள். முந்தானையை விரித்து ஏந்தினாள். பக்கத்து மெஷின்காரி இளவரசி, மண்ணாடிப்பட்டிலிருந்து வருகிறவள், வாய்த்துடுக்கு உள்ளவள், அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னாக்கா, மடிப்பிச்சையா? கம்பெனியில யாரு அரிசி எடுத்தாருவா? என்கிட்ட புளிசாதம்தான் இருக்குது."

"அரிசி வேணாம்டி. கை வேணும். ஆளுக்கு ஒரு பாவாட தைச்சுக் குடுங்க. வேண்டிக்கினேன், என் கையால முடியல."

முடியவில்லை என்று அந்த லைனில் பதினாறு வருடத்தில் அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு இளவரசி எழுந்து வந்து பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். எந்த அம்மாவாக இருந்தாலும் பாவாடை பாவாடைதான் என்றாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அப்போதுதான் ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொன்னாள். பட்டன் வைக்கிறவளுக்குத் தோள்பட்டை, சட்டைக்குக் கை ஏற்றுகிறவளுக்குக் கழுத்து, இஸ்திரி போடுகிறவளுக்கு முழங்கை. எல்லோரும் அதுவரை தனக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

பதின்மூன்று போயிற்று. ஒன்று மிச்சம். விஜயகுமாரி கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் எல்லோரும் டிபன் பாக்ஸை மூடினார்கள். அவள் உள்ளே வந்து மிச்சமிருந்த துணியை எடுத்தாள். எனக்குக் கொடுக்க மாட்டீர்களா என்று மட்டும் கேட்டாள்.

விஜயகுமாரி படித்துவிட்டு நேராகப் போர்டு முன்னால் நின்றவள். பயிற்சியில் பத்து நாள் மெஷினில் உட்கார்ந்ததோடு சரி. வீட்டில் அம்மாவின் கால் மெஷினில் அந்த ஒரு பாவாடையைத் தைக்க அவளுக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. இரண்டு தடவை பிரித்துப் பிரித்துத் தைத்தாள். நான்காம் நாள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே ஸ்டெல்லாவின் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எட்டு மணி நேரம் எப்படிக்கா தாங்குற?"

"எட்டு மணி நேரத்த பதினாலு வருசம் தாங்கினேம்மா. உன் போர்டத்தான் தாங்க முடியல. நீ சிவப்பு மை எடுக்கும்போதே என் தோள் ஏறிக்குது."

போர்டை விஜயகுமாரியால் கழற்ற முடியாது. அது மேலே உள்ளவர்கள் சொன்னது. ஆனால் மறுநாள் காலையில் ஸ்டெல்லாவையும் இளவரசியையும் மெஷினோடு இடம் மாற்றினாள். இளவரசிக்குப் போர்டும் ஒன்றுதான், போன வருடக் காலண்டரும் ஒன்றுதான். அவள் நிமிர்ந்து பார்க்கிற ஜாதி இல்லை. ஸ்டெல்லாவின் புது இடம் போர்டுக்கு முதுகு காட்டி இருந்தது. அங்கிருந்து ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, வேலிக்காத்தான் புதர், வேறொன்றும் இல்லை.

தோளை இறக்கு, பல்லை விடு, நடுநடுவே கைக்கு ஓய்வு கொடு என்று பாக்யராஜ் சொல்லியிருந்ததை அங்கே உட்கார்ந்துதான் முழுசாகச் செய்ய ஆரம்பித்தாள். சட்டைகள் இருபது இருபதாகத் துணிப் பட்டையால் கட்டி வரும். ஒரு கட்டு முடிந்து அடுத்த கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் மடியில் போடுவாள். தோளை இறக்குவாள். பல்லை விடுவாள். மூன்று மூச்சு நிதானமாக விடுவாள். பிறகு கட்டை அவிழ்ப்பாள். தைக்கும்போது துணியைப் பிடிக்காமல் தடவிக்கொடுக்கிற மாதிரி கொடுத்தாள். முதல் வாரம் இது நினைவிலேயே நிற்கவில்லை; இளவரசிதான் பின்னாலிருந்து, அக்கா, தோளு என்று குரல் கொடுப்பாள். இரண்டாவது வாரம் லைனில் நாலைந்து பேர் கட்டுக்குக் கட்டு கையை மடியில் போட்டார்கள். வீட்டில் கால் மெஷினை உறை போட்டு மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் புள்ளி சிறுத்தது. ஒரு ஞாயிறு புள்ளியே இல்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் முப்பத்து மூன்று பாவாடையும் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. விஜயகுமாரி தைத்தது மட்டும் கொஞ்சம் கோணல், சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தால் தெரியாது என்று கன்னியர் வாங்கிக்கொண்டார்கள். தேர் பார்த்துவிட்டு வரும்போது ஸ்டெல்லா புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், துணி துவைத்த பொய் உள்பட.

"அப்ப ரெண்டு மாசமா நான் துவைச்சது?"

"உன் பேர்லயும் ஒரு பாவாட சேர்த்துக்கினதா நெனைச்சுக்க."

"பாவாட தைச்சிருந்தா குழாயடியில எவளும் சிரிச்சிருக்க மாட்டா" என்றான். அவ்வளவுதான் அவன் கோபம்.

அடுத்த புதன்கிழமை கடிகாரம் பிடிக்கிறவர் வந்தார். ஸ்டெல்லாவின் பின்னால் நின்று கடிகாரத்தை அழுத்தினார். அவள் ஒரு கட்டு தைத்தாள், கையை மடியில் போட்டு மூன்று மூச்சு விட்டாள், அடுத்த கட்டை அவிழ்த்தாள். அவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, நடுவில் கை ஏன் சும்மா இருந்தது, அதை எடுத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்றார். பதில் சொன்னால் தோள் ஏறிவிடும் என்று ஸ்டெல்லா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயகுமாரி ஒரு தாளை நீட்டினாள். இடம் மாற்றியபிறகு வந்த மூன்று வாரத்தில் காலரில் கோணல் என்று பிரித்துத் தைக்கத் திரும்பி வந்த சட்டைகள் எத்தனை, அதற்கு முந்திய மூன்று வாரத்தில் எத்தனை என்று எழுதியிருந்தாள். திரும்பி வந்தது பாதியாகக் குறைந்திருந்தது.

"அந்த மூணு மூச்ச எடுத்துட்டீங்கன்னா சார், சட்டை திரும்பி வரும். ரெண்டுல எது வேணும்?"

அவர் கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டார். மூச்சையும் சேர்த்தே நேரம் எடுத்தார். நேரம் சரியாக விளிம்பில் நின்றது, தாண்டவில்லை. காலர் மெஷினில் ஸ்டெல்லாவின் பெயரே இருந்தது. ஆனால் நாள் முழுக்க இல்லை. மத்தியானத்துக்கு மேல் பட்டனுக்கு அடையாளம் வைக்கிற இடத்துக்கு அவளை மாற்றி, இளவரசி காலரில் பழகட்டும் என்று முடிவு செய்தார்கள். முதலில் அவளுக்கு மனசு சுருங்கியது. பிறகு, அரை நாள் கைக்கு வேறு வேலை கிடைப்பது நல்லதுதான் என்று பாக்யராஜ் சொன்னதும் சமாதானமாகிவிட்டாள்.

கை முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் கட்டைவிரல் அடியில் இன்னும் சுருக்கென்கிறது. ரோஸ்லினுக்குப் பரீட்சை வந்த மாதம் காலண்டரில் மறுபடி புள்ளி விழுந்தது. இப்போது அவளுக்குக் காரணம் தெரியும். பயந்து இன்னும் இறுக்கிப் பிடிப்பதில்லை. அமிர்தம் போன மாதம் வந்தபோது, கை ஆறியதற்கு நன்றியாக ஏதாவது வேண்டிக்கொள்ளலாமா என்று ஸ்டெல்லா கேட்டாளாம். மெழுகுவத்தி ஒன்று போதும், அதையும் இடது கையால் வை என்று அமிர்தம் சொல்லிவிட்டாள். ஸ்டெல்லா வலது கையாலேயே வைத்துவிட்டு வந்தாள்.